உறைமழையில் இறங்கிய வாத்துகள்

பதினோரு நாள் ஆகியும் வாத்து வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு வாத்து வேட்டை விடுமுறை விட்ட மறுநாளே நாங்கள் நாலு பேரும் இரண்டு ஸ்கிடூ பனிவண்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு, உறைந்த கடல்மேலேயே ஓட்டி, இரட்டைப்பாறை வளைகுடாவுக்கு வந்துவிட்டோம். நான், என் மனைவி பியூலா, அவளுடைய அண்ணன் ஹார்வி, ஹார்வியின் மனைவி மேசி. கூடவே கரடி என்று பெயர் வைத்த எங்கள் கறுப்பு நாய். அந்த இரண்டு மூன்று வாரம் வடகடலோரத்தில் இருக்கும் எங்கள் வெமின்ஜி ஊரே காலியாகிவிடும். கடை பூட்டு, அலுவலகம் பூட்டு. நான் ஓட்டும் பள்ளிப் பேருந்துக்கும் கொட்டகையில் ஓய்வு.

வந்த அன்றே கூடாரம் அடித்து, ஊசியிலை மரக்கிளை வெட்டித் தரையில் பரப்பி, சதுப்பின் ஓரத்தில் மறைவிடம் கட்டி, பறப்பவை பார்த்து இறங்கட்டும் என்று பொம்மை வாத்துகளைப் பனியில் நட்டுவைத்தாயிற்று. அப்புறம் வேலை என்று ஒன்றும் இல்லை. உட்கார்ந்து தெற்கே பார்ப்பதுதான்.

காற்று வடக்கிலிருந்து வீசிக்கொண்டே இருந்தது. தெற்கே உள்ள ஊர்க்காரர்களோடு ரேடியோவில் பேசினால், அங்கே வாத்து வந்து குவிந்துகிடக்கிறது, எதிர்காற்றில் கிளம்ப மனமில்லாமல் மேய்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஏழாம் நாள் ஒரு ஜோடி மட்டும் வந்தது. எங்கள் வளைகுடாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அது போன திசையையே நாங்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். டப்பா இறைச்சியும் மக்ரோனியும் வாணலி ரொட்டியும் தின்று எல்லோருக்கும் நாக்கு செத்துப்போயிருந்தது.

இந்த வசந்தத்தில்தான் நான் முதன்முதலாக வேட்டைத் தலைவன். அந்த வளைகுடாவில் எங்களோடு சேர்த்து ஆறு முகாம்கள். எந்த நாள் சுடலாம், எந்த நாள் கூடாது, எந்தச் சதுப்பை வாத்து இறங்கி மேய விட்டுவைப்பது என்று சொல்ல வேண்டியவன் தலைவன். காற்றே இல்லாத நாளில் ஒருவன் சுட்டால் சத்தம் வளைகுடா முழுக்க உருளும். அப்புறம் வாத்து அந்தப் பக்கம் தலைவைக்காது. அதனால் ஆறு முகாமும் ஒரே வாய்க்குக் கட்டுப்பட வேண்டும். அந்த வாய் இருபது வருஷமாக என் பெரியப்பா மகன் ஹியூபர்ட்டுடையது. மனைவிக்கு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றானதும் அவர் தெற்கே நகரத்துக்குக் குடிபோனார். போகும்போது, நிலம் நம்ம குடும்பத்தோடது, நீதான் பார்த்துக்கணும் என்று என்னிடம் சொன்னார். ஊரில் பலரும் ஹார்விதான் தலைவனாவான் என்று நினைத்திருந்தார்கள். ஹார்வியும் அப்படித்தான் நினைத்திருந்தான். அதில் தப்பும் இல்லை. அவன் சுட்டால் விழும். வாயைக் குவித்துக் கூப்பிட்டால் போகிற கூட்டம் திரும்பும். நான் பத்துக்கு மூன்று விழுந்தால் சந்தோஷப்படுகிறவன்.

ஆகவே பதினோரு நாளும் அவன் என்னை விடவில்லை. பேருந்து ஓட்டுநர் தலைவன் ஆனால் வாத்தும் நேரத்துக்கு வராது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்றுதான் வரும் என்றான். நான் ஹாரன் அடித்தால் ஒருவேளை வரலாம் என்றான். எங்களுக்குள் மச்சான் முறை; இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நானும், அவன் குறட்டைக்குப் பயந்துதான் வாத்து தெற்கிலேயே நிற்கிறது என்று ரேடியோவில் ஆறு முகாமுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவைத்தேன்.

ஆனால் அவன் கேலிக்குப் பின்னால் கவலை இருந்தது. அவனுடைய மகளின் குழந்தைக்கு ஜூன் மாதம் முதல்நடை விருந்து. குழந்தை முதன்முதலாக வீட்டுக்கு வெளியே தன் காலால் மண்ணை மிதித்து நடக்கிற நாள்; ஊரே வந்து சாப்பிடும். முப்பது வாத்து நான் கொண்டுவருகிறேன் என்று ஹார்வி வாக்குக் கொடுத்திருந்தான். போன வருஷம் வாத்தெல்லாம் கரையை விட்டு உள்நாட்டுப் பக்கமாகப் பறந்து போனதில், ஆறு முகாமுக்கும் சேர்த்தே முப்பது கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது காற்று தென்கிழக்குக்குத் திரும்பியிருந்தது. முகத்தில் பட்டதும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவசர அவசரமாகத் தேநீர் குடித்துவிட்டு நானும் ஹார்வியும் மறைவிடத்துக்குப் போனோம். ஒரு மணி நேரத்தில் மேகம் மரத்தலை உயரத்துக்கு இறங்கிவிட்டது. பிறகு மழை பிடித்தது.

அது சாதாரண மழை இல்லை. துளி விழும்வரை தண்ணீர்; தொட்ட இடத்தில் பனிக்கட்டி. எங்கள் கண் எதிரே ஒவ்வொரு ஊசியிலைக்கும் கண்ணாடி உறை ஏறியது. கூடாரக் கயிறு விரல் தடிமனுக்கு ஊதியது. ஹார்வியின் துப்பாக்கியில் விசை இறுகி நின்றுவிட்டது. இதில் ஒன்றும் பறக்காது என்று சொல்லிவிட்டு, வழுக்கி வழுக்கி முகாமுக்குத் திரும்பிச் சமையல் கூடாரத்தில் அடுப்போரம் உட்கார்ந்தோம். அப்போது காலை பத்து மணி இருக்கும்.

முதலில் கேட்டது மேசிக்குத்தான். மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள். மேலே, மேகத்துக்குள், வாத்துச் சத்தம். ஹார்விதான் கூப்பிட்டு விளையாடுகிறான் என்று நினைத்து அவனைப் பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது.

வெளியே வந்து அண்ணாந்து நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறம் மட்டும். அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஒரு கூட்டத்தின் சத்தம் இல்லை, கூட்டத்துக்கு மேல் கூட்டம். பயணம் போகிற வாத்தின் குரல் எங்களுக்குத் தெரியும். நீளமாக இருக்கும், முன்னால் போவது கூப்பிட, பின்னால் வருவது பதில் சொல்லும். இது அப்படி இல்லை. துண்டுதுண்டாக, ஒன்றின் குரல் முடியுமுன் இன்னொன்று மேலே விழுந்து, சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து கேட்டது.

பிறகு விறகுக் குவியல்மேல் ஏதோ தொப்பென்று விழுந்தது.

ஒரு கருங்கழுத்து வாத்து. கழுத்து மடங்கிக் கிடந்தது. பியூலா போய் எடுத்தாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. சிறகு இரண்டும் பலகை மாதிரி பனிக்கட்டி ஏறி விறைத்திருந்தன. "என்னங்க, வாத்து இவ்ளோ கனக்காதே," என்று என்னிடம் நீட்டினாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, கடல் பக்கம் மேகத்திலிருந்து அவை வரத் தொடங்கின.

வரிசை இல்லை, அணி இல்லை. கழுத்தை நீட்டி, சிறகை அடிக்க முடியாமல் விரித்தபடியே, எறிந்த பொருள் மாதிரி சரிந்து வந்தன. கடல் பனியில் மார்பு மோதி, வழுக்கிக்கொண்டே போய் நின்றன. பத்து, ஐம்பது, அப்புறம் எண்ணுகிற நினைப்பே போய்விட்டது. அரை மணி நேரம் வானம் வாத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளையாகக் கிடந்த வளைகுடா கண்ணெட்டும் தூரம்வரை பழுப்பாகிவிட்டது.

இறங்கியவை எழுந்து நடந்தன. சிறகை மடிக்க முடியாததால் பாதி விரித்தபடி, தள்ளாடி, காற்று படாத இடம் தேடி எங்கள் முகாமுக்குள் வந்தன. கூடாரத்தின் பின்பக்கம், ஸ்கிடூவின் மறைவு, விறகுக் குவியலின் ஓரம் எல்லா இடத்திலும் நெருக்கியடித்து நின்றன. எங்களைப் பார்த்தன, ஒதுங்கவில்லை. நடக்கும்போது சிறகில் பனிக்கட்டி ஒன்றோடொன்று உரசி, பாத்திரக் கடையில் யாரோ மெதுவாகக் கண்ணாடி டம்ளர்களை அடுக்குகிற மாதிரி ஒலித்தது. மேலே அவ்வளவு கத்தியவை, தரைக்கு வந்தபின் ஒன்றுகூடக் கத்தவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட மிரட்சியாக இருந்தது.

பியூலா முதல் வேலையாகக் கரடியைக் கழுத்துப்பட்டையோடு இழுத்துக் கூடாரத்துக்குள் போட்டு, அதன்மேல் ஏறக்குறைய உட்கார்ந்தேவிட்டாள்.

ஹார்வி கோடரிக் காம்பு ஒன்றை எடுத்தான். மாற்றுக் காம்பு, நல்ல கனம். அவன் முகத்தில் கோபமோ பேராசையோ இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். பசியோடு சோற்றுக்கு உட்கார்கிறவனின் முகம்.

"துப்பாக்கியே வேணாம் மச்சான்," என்றான். "பத்து நிமிஷத்துல முப்பது."

அப்போது ரேடியோ கரகரத்தது. வடக்குமுனை முகாமிலிருந்து. கூடாரத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது, என்ன செய்வது, தலைவர் சொல்லட்டும் என்றார்கள். பின்னாலேயே இன்னொரு முகாம். அப்புறம் இன்னொன்று. ஐந்து முகாமும் கேட்டுவிட்டு அமைதியாகக் காத்திருந்தன.

ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். ஹியூபர்ட் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை. கேட்கலாம் என்றால் அவர் நகரத்தில் இருக்கிறார். எங்கள் ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன் என்று சொன்னால் அது பொய். சாலையில் ஏதாவது குறுக்கே வந்தால் மனசு முடிவு செய்யுமுன் கால் பிரேக்கில் இருக்கும். அப்படித்தான் என் வாய் முந்திக்கொண்டது.

"யாரும் தொடாதீங்க," என்றேன். "துப்பாக்கிய எடுக்க வேணாம். நாயக் கட்டிப் போடுங்க. விழுந்து செத்தத மட்டும் எடுத்துக்கோங்க. மத்தது, பனி கழண்டு பறக்குற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

பிறகு ஒவ்வொரு முகாமாகச் சரி என்றார்கள். கடைசி முகாம் சரி என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஹார்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசல் தேடி வந்து நிக்குது. வேணாம்னு தள்ளுறதுதான் மரியாதையா? தானா வந்து கொடுக்குறத வாங்கிக்கலேன்னா அடுத்த வருஷம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வந்து உக்காருவ?"

"கொடுக்க வரல மச்சான். வேற வழியில்லாம இறங்கிருக்கு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றேன்.

அவன் காம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். நான் தடுக்கவில்லை. தலைவன் சொல்லலாம், கையைப் பிடிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மேசி வாசல் துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் பார்த்தோம்.

அவன் பெரிதாக ஒன்றைக் கண்ணால் குறித்துக்கொண்டு அதை நோக்கி நடந்தான். வாத்துகள் வழி விடவில்லை. காலால் மெல்ல ஒதுக்கி, இடைவெளி பார்த்துக் கால் வைத்துப் போக வேண்டியிருந்தது. ஒதுக்கியவை அவன் பின்னால் மறுபடி மூடிக்கொண்டன. பத்தடி போனதும் அடுத்த கால் வைக்க இடமில்லை, நின்றான். ஆறடி ஆள், தடித்த அங்கி. அவன் பின்னால் காற்று படாத ஒரு நிழல் இருந்தது. அவ்வளவுதான், சுற்றி நின்றவை எல்லாம் அந்த நிழலுக்குள் நெருங்கின. ஒன்று அவன் காலணிமேலேயே உட்கார்ந்தது.

காம்பு தோளிலேயே இருந்தது. அரை மணி ஆயிற்று. மழை அவன் தொப்பியிலும் புருவத்திலும் உறைந்தது. அவன் அசையவில்லை.

"எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மனுஷன் இவ்ளோ நேரம் ஒரே இடத்துல நிக்கல," என்றாள் மேசி. சிரிக்காமல்தான் சொன்னாள்.

பியூலா ஒரு குவளையில் தேநீர் ஊற்றி என் கையில் கொடுத்தாள். அண்ணன் விறைத்துப்போவான், கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள். அந்தப் பத்தடியைக் கடக்க எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துப் போனேன். என் முழங்காலில் முதுகுகள் உரசின. ஈர இறகின் வாடையும் சேற்று வாடையும் மூக்கில் ஏறின. தெற்கே எங்கேயோ பனி உருகிய வயல்களின் சேறு. நாங்கள் இன்னும் பனியில் இருக்க, இவை வசந்தத்தைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. கன்னத்து வெள்ளைப் பட்டைமேல் பனிக்கட்டி. அதற்கு மேலே கறுத்த கண் மட்டும் ஈரமாக, உயிரோடு என்னைப் பார்த்தது. நாற்பத்தாறு வருஷமாக வாத்து தின்று வளர்ந்தவன் நான். உயிரோடு இருக்கிற வாத்தை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நானும் காற்றை மறித்து, ஹார்விக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு குவளையைப் பின்னால் நீட்டினேன். வாங்கினான். குடித்தானா தெரியாது. வெகுநேரம் கழித்து, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னான்:

"இது மூச்சு விடுறது என் பாதத்துல தெரியுது மச்சான்."

எவ்வளவு நேரம் நின்றோம் என்று பிறகு மேசியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அந்த நேரம் முழுக்க நான் வேறெதையும் நினைக்கவில்லை. விருந்தையோ, தலைவன் என்கிற பெயரையோ, ஆறு முகாமும் என்னைப் பற்றி என்ன பேசும் என்பதையோ. அவை எங்கிருந்து கிளம்பின, எத்தனை நாள் பறந்தன, இன்னும் வடக்கே எவ்வளவு போக வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. போகிற வழியில் நிற்கிற ஒரு மரம் மாதிரிதான் அவை என்னை எடுத்துக்கொண்டன. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பகல் இரண்டு மணிவாக்கில் மழை நின்றது. தெற்கே மேகம் கிழிந்து, வெயில் ஒரு விளிம்பாகப் பனிமேல் நகர்ந்து வந்தது. அது வந்த இடமெல்லாம் ஆயிரக்கணக்கான முதுகுகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தன. கண் கூசியது, மூடவும் மனம் வரவில்லை. காற்றில் சூடு ஏறியது. முதலில் ஒரு வாத்து அலகால் சிறகைக் கோதியது. ஒரு துண்டு உடைந்து விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று உடம்பைச் சிலுப்பியது. அப்புறம் வளைகுடா முழுக்கச் சலசலவென்று கண்ணாடி உதிர்கிற ஓசை. கூடவே குரல்கள் திரும்ப வந்தன. ஒன்று, நாலு, நூறு. பக்கத்தில் நிற்கிற ஆளோடு பேச முடியாத அளவுக்கு.

ஹார்வியின் காலணிமேல் இருந்த வாத்து எழுந்து, இரண்டு எட்டு நடந்து, சிறகை முழுதாக விரித்துப் பார்த்தது. திரும்பிப் பார்க்கவெல்லாம் இல்லை.

அவை எழும்புவது வளைகுடாவின் தூரக் கோடியில் தொடங்கியது. தரையிலிருந்து ஒரு போர்வையின் ஓரத்தைத் தூக்குகிற மாதிரி பழுப்பு மேலே வளைந்தது. அந்த வளைவு எங்களை நோக்கி வந்தது. சத்தம் அதற்கு முன்னால் வந்தது. காதில் கேட்பதற்கு முன் மார்புக்கூட்டில் கேட்டது. எங்களைச் சுற்றி நின்றவை கிளம்பியபோது சிறகுக் காற்றில் என் தொப்பி போயிற்று. ஹார்வி தோளிலிருந்த காம்பைப் போட்டுவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். வெயில் மறைந்தது. தலைக்குமேல் வயிறுகளும் சிறகுகளும் தவிர வேறெதுவும் இல்லை. நான் வாயைத் திறந்து ஏதோ கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகு வெயில் மறுபடி வந்தது. அவை மேலே ஏறி, பிரிந்து, தத்தம் கூட்டம் தேடி வரிசையாகி வடக்கே போயின. கடைசி வரிசை நூலாகத் தேய்வதுவரை யாரும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கூடாரத்துக்குள் கரடி மட்டும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

பியூலாதான் அதை முதலில் பார்த்தாள். பனிமேல் எங்கும் மெல்லிய பனிக்கட்டிச் சில்லுகள் கிடந்தன. ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தாள். சிறகிலிருந்து அப்படியே கழன்ற ஓடு. உட்பக்கம் ஒவ்வொரு இறகின் நரம்பும், இறகின்மேல் இறகு படிந்த வரிசையும், ஒரு மயிரிழை பிசகாமல் பதிந்திருந்தது. "இங்க பாருங்க," என்று என் உள்ளங்கையில் வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தண்ணீராகி விரலிடுக்கில் ஓடியது. குனிந்து இன்னொன்றை எடுத்தேன். வளைகுடா நிறைய அப்படிக் கிடந்தன. நாலு பேரும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மாலைக்குள் ஒன்றும் மிச்சமில்லை.

எங்கள் முகாமைச் சுற்றி விழுந்து செத்தவை பத்தொன்பது இருந்தன. மேசி அவற்றை வரிசையாகக் கிடத்தி, கலைந்த இறகைக் கையால் நீவிச் சரிசெய்தாள். இரண்டை அன்றைக்கே இறகு பறித்து, நெருப்புக்கு மேலே நூலில் தொங்கவிட்டுச் சுற்றவிட்டோம். கொழுப்பு சொட்டிச் சொட்டித் தீ எரிந்தது. வெந்ததும் எங்கள் வழக்கப்படி முதலில் ஒரு துண்டு நெருப்புக்குப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். பதினோரு நாள் கழித்து வாத்துக் கொழுப்பு நாக்கில் பட்டபோது பியூலா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹார்வி ஒரு காலைச் சுத்தமாக முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "நீ சொன்னது தப்புன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்," என்றான்.

சரி என்றேன்.

"அடிக்க முடியலங்கிறது வேற விஷயம்."

மறுநாள் இலை அசையவில்லை. காற்றில்லாத நாள், சுட வேண்டாம் என்று ரேடியோவில் சொன்னேன். தலைக்குமேல் கூட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. ஆறு முகாமும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. அதற்கு மறுநாள் நல்ல தெற்குக் காற்று. ஹார்வி மறைவிடத்தில் வாயைக் குவித்துக் கூப்பிட்டான்; வந்தன; சுட்டான்; விழுந்தன. மூன்று நாளில் அவன் மட்டும் பதினாறு. நான் ஐந்து. ஜூன் விருந்தில் மீன்தான் கொஞ்சம் குறைந்தது, வாத்து குறையவில்லை.

ஊர் திரும்பியதும் ஹியூபர்ட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்துவிட்டு, நான் செய்தது சரியா என்று கேட்டேன். மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. யாரையோ அதைக் குறைக்கச் சொன்னார்.

"தெரியலடா," என்றார். "நானா இருந்தா எடுத்துக்கோங்கன்னுதான் சொல்லிருப்பேன்." பிறகு, அந்தப் பனிக்கட்டி ஓடு எவ்வளவு பெரிசு இருந்தது என்று கேட்டார். என் உள்ளங்கை நீளம் இருக்கும் என்றேன். எல்லா இறகும் தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்தது என்றேன். இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.